தோற்றுக்கொண்டிருக்கும் ஹாக்கி அணி: கோச்சும் மேனேஜரும் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் அணி நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் போதும், "கோச்சை மாற்று" என்ற குரல் கிளம்பிவிடும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேருகிறதா என்பதுதான் என் கவலை. புல்தரை ஹாக்கி, ஐஸ் ஹாக்கி இரண்டிலும் அணிகளின் ஏற்ற இறக்கத்தை வருடக்கணக்காகக் கவனித்து வருகிறேன். சில காலம் ஒரு கிளப் அணிக்கு மேனேஜராகவும் இருந்திருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அணி தோற்றால் முதலில் யாரைக் கேட்க வேண்டும்?

தோல்விக்குக் காரணமான முடிவு யார் கையில் இருந்ததோ அவரை. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது ஒருவர். பயிற்சி முகாமுக்கு இத்தனை நாள்தான் என்று வரையறுத்தது இன்னொருவர். கடைசிக் குவார்ட்டரில் யாரை உள்ளே அனுப்புவது என்று பெஞ்சிலிருந்து சொன்னது மூன்றாமவர். இந்த மூவரையும் பிரித்துப் பார்க்காமல், டிவியில் முகம் தெரிகிற ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவதைத்தான் நாம் பல நேரம் 'பொறுப்பேற்கச் செய்வது' என்கிறோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

கோச், மேனேஜர் இருவருக்கும் என்ன வேறுபாடு?

எந்த ஹாக்கி என்பதைப் பொறுத்தது. புல்தரை ஹாக்கியில் மேனேஜர் என்பவர் அணியின் நிர்வாகப் பொறுப்பாளர். பயணம், தங்குமிடம், ஆட்டக்காரர் பட்டியலைச் சரியான நேரத்தில் கொடுப்பது, பெஞ்சின் ஒழுங்கு, சங்கத்துக்கும் அணிக்கும் இடையே பேசுவது எல்லாம் அவர் வேலை. ஆட்டத் திட்டத்தில் அவர் தலையிடக் கூடாது.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில், அதாவது என்.எச்.எல். என்ற தொழில்முறை லீகில், ஜெனரல் மேனேஜர் என்றால் கதையே வேறு. எந்த ஆட்டக்காரரைக் கொண்டுவருவது, யாரை வேறு அணிக்குக் கொடுப்பது, யாருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம், சம்பள உச்சவரம்புக்குள் அணியை எப்படி அடக்குவது, கோச் யார் என்பதெல்லாம் அவர் முடிவு. அங்கே கோச்சைவிட அவரிடம்தான் அதிகாரம். ஆனால் தோல்விக்குப் பின் முதலில் வேலை இழப்பது பெரும்பாலும் கோச். காரணம் எளிது, கோச்சை நீக்கும் அதிகாரம் ஜெனரல் மேனேஜரிடம் இருக்கிறது.

மேனேஜர் செய்கிற தவறால் ஆட்டம் தோற்குமா?

தோற்கும். என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு போட்டித் தொடருக்கு நான் போட்ட பயணத் திட்டத்தில், முந்தின நாள் மாலை கிளம்பி இரவு பத்துக்குள் போய்விடலாம் என்று கணக்கு. வண்டி தாமதம். பையன்கள் படுத்தபோது மணி இரண்டரை. காலை எட்டுக்கு ஆட்டம். மூன்றாவது குவார்ட்டர் வரை ஒரு கோல் முன்னிலை. நான்காவது குவார்ட்டரில் எங்கள் ஹாஃப்கள், அதாவது நடுக்கள ஆட்டக்காரர்கள், பந்தைத் தொடரவே இல்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு நிமிடத்தில் மூன்று கோல் வாங்கினோம். தொடர் முடிந்து கிளப்புக்குப் போன அறிக்கையில் "உடல்தகுதி போதவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி கோச்சின் பெயரைக் கெடுத்தது. ஒரு நாள் முன்னதாகக் கிளம்பாதது என் முடிவு. அதை நான் எழுத்தில் கொடுக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் இன்றும் என்னை உறுத்துகிறது.

கோல் போடத் தவறுவது ஆட்டக்காரர். அதற்குக் கோச் எப்படிப் பொறுப்பு?

புல்தரை ஹாக்கியில் எதிரணி தவறு செய்யும்போது கிடைக்கிற கோல் வாய்ப்பான பெனால்டி கார்னரைக் கிட்டே போய்ப் பார்த்தால் இது புரியும்.

கோல்கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுகிறார். கோலுக்கு முன்னால் வரைந்த வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துகிறார். டிராக் பிளிக்கர் அதை மட்டையில் இழுத்து கோலை நோக்கி வீசுகிறார். எதிரணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே பின்கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம். பந்து தள்ளப்பட்ட நொடியில் அவர்களில் ஒருவர், முதல் ரஷ்ஷர், அடியைத் தடுக்கப் பாய்ந்து வருவார். தள்ளிய பந்து லேசாகத் துள்ளினால், நிறுத்துபவருக்கு அதை அடக்க இன்னும் ஒரு கணம் தேவை. அந்த ஒரு கணத்தில் ரஷ்ஷர் பிளிக்கரின் கால்மாட்டில் இருப்பார். நமக்குத் தெரிவதெல்லாம் "பிளிக்கர் கோட்டைவிட்டான்" என்பது மட்டும்தான்.

இப்போது பொறுப்பைப் பிரித்துப் பாருங்கள். தள்ளுபவரும் நிறுத்துபவரும் தினமும் ஜோடியாகப் பழகவில்லை என்றால் அது கோச்சின் தவறு. எதிரணி ரஷ்ஷர் எந்தப் பக்கம் பாய்வார் என்று வீடியோ பார்ப்பவர் சொல்லியும் அதே திசையில் அடிக்கச் சொன்னால் அதுவும் கோச்சின் தவறு. பதினெட்டு பேரில் ஒரே ஒரு பிளிக்கரை மட்டும் எடுத்து, அவர் காயப்பட்டால் மாற்றாள் இல்லை என்றால் அது தேர்வுக்குழுவின் தவறு. எல்லாம் சரியாக அமைந்தும் பிளிக் வெளியே போனால், அது ஆட்டம். அதற்கு யாரையும் தூக்கில் போட வேண்டாம்.

அப்படியானால் நிச்சயமாகக் கோச்சின் கணக்கில் எழுத வேண்டியவை எவை?

ஒரே மாதிரித் தவறு மறுபடியும் மறுபடியும் நடப்பது. இதுதான் என் முதல் அளவுகோல். ஓர் அணி கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு முறை கோல் வாங்கினால் விபத்து. ஒரே தொடரில் மூன்று முறை வாங்கினால், முன்னிலையை எப்படிக் காப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பொருள். பந்தை எதிரணியின் மூலைக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்து நேரத்தைக் கழிப்பது, தேவையில்லாத மஞ்சள் அட்டை வாங்கிப் பத்துப் பேராகக் குறையாமல் இருப்பது, களைத்தவரைச் சரியான நிமிடத்தில் வெளியே இழுப்பது எல்லாம் பயிற்சியில் வருகிற பழக்கங்கள். மாற்றாட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற விதி உள்ள விளையாட்டில் "பையன்கள் களைத்துவிட்டார்கள்" என்று கோச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான் அது.

இளம் ஆட்டக்காரர் ஒருவர் ஓராண்டில் முன்னேறினாரா, தேய்ந்தாரா என்பதையும் கோச்சின் கணக்கில்தான் எழுத வேண்டும். புள்ளிப்பட்டியலைவிட நேர்மையான சாட்சி அது.

கோச்சை மாற்றினால் அணி தேறுமா?

சில நேரம் தேறும். அதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் என்.எச்.எல். அணியான செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். 2018 நவம்பரில் மைக் யோவை நீக்கிவிட்டு கிரெய்க் பெரூபியைக் கொண்டுவந்தார்கள். 2019 ஜூனில் அந்த அணி லீகின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். கோச் மாறி ஆறு வாரம் கழிந்தும், 2019 ஜனவரி 3 அன்று காலை, மொத்த லீகிலும் கடைசி இடத்தில் இருந்தது அந்த அணிதான். சில நாள் கழித்து ஜோர்டன் பின்னிங்டன் என்ற புதிய கோல்கீப்பருக்கு முதன்முறையாக முழு ஆட்டம் கொடுத்தார்கள். அதில் அவர் ஒரு கோலும் விடவில்லை. அங்கிருந்துதான் ஏற்றம். பெரூபியின் பங்கு இல்லை என்று சொல்ல வரவில்லை, அந்தக் கோல்கீப்பரை நம்பி இறக்கியவரே அவர்தான். 'கோச் மாறினார், அணி வென்றது' என்ற ஒற்றை வரியில் கதை அடங்காது என்கிறேன்.

எதிர்ப்பக்கம் பஃபலோ சேபர்ஸ். 2011-க்குப் பிறகு 2024-25 சீசன் வரை தொடர்ந்து 14 சீசன் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கு, தகுதி பெறவில்லை. 2013-ல் லிண்டி ரஃபை நீக்கினார்கள். அப்புறம் ஆறு கோச்சுகள் வந்து போனார்கள். 2024-ல் அதே ரஃபைத் திரும்ப அழைத்தார்கள். இடையில், 2018 கோடையில், ரயன் ஓ'ரைலி என்ற ஆட்டக்காரரை வேறு அணிக்குக் கொடுத்தார்கள். எந்த அணிக்குத் தெரியுமா? செயின்ட் லூயிஸுக்கு. அடுத்த ஆண்டு பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர் அவர்தான். அந்த முடிவு எந்தக் கோச்சின் கையிலும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அணி அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் கோச்சை மாற்றுவார்கள். அதற்குக் கீழே போக இடமில்லை. யார் வந்தாலும் அடுத்த சில ஆட்டங்களில் கொஞ்சம் மேலே ஏறத்தான் செய்யும். புதியவர் வந்த முதல் பத்து ஆட்டத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பொறுமையாக இருந்து பலன் கண்ட அணி உண்டா?

உண்டு, நிறைய. டாம்பா பே லைட்னிங் 2018-19 சீசனில் 62 ஆட்டங்களை வென்றது. பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே கொலம்பஸிடம் நாலுக்கு நாலும் தோற்று வெளியேறியது. அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். கோச் ஜான் கூப்பரை நீக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. நிர்வாகம் நீக்கவில்லை. எங்கே ஓட்டை என்று பார்த்து, முட்டி மோதி ஆடக்கூடிய சிலரை ஜெனரல் மேனேஜர் ஜூலியன் பிரிஸ்போவா கொண்டுவந்தார். 2020-லும் 2021-லும் கோப்பை அவர்களுடையது. கோச்சைக் கேள்வி கேட்பதற்கு முன் ஜெனரல் மேனேஜர் தன் பட்டியலையே கேள்வி கேட்டுக்கொண்ட இடம் அது.

பெல்ஜியத்தின் ஆண்கள் ஹாக்கி அணியைப் பாருங்கள். 1976-க்குப் பிறகு 2008-ல்தான் மறுபடி ஒலிம்பிக்கில் கால்வைத்தார்கள். ஷேன் மெக்லியோட் 2015-ல் கோச்சாக வந்தார். 2016 ரியோவில் இறுதிப் போட்டியில் தோற்றார்கள். அவரை மாற்றவில்லை. 2018-ல் உலகக் கோப்பை, 2019-ல் ஐரோப்பியக் கோப்பை, டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம்.

இந்திய ஆண்கள் அணியும் 2025-ல் ஒரு சோதனையைத் தாண்டியது. ஜூன் மாதம் ஐரோப்பாவில் புரோ லீக் என்ற சர்வதேசத் தொடரின் ஆட்டங்களில் ஏழு தொடர் தோல்வி. கோச் கிரெய்க் ஃபுல்டனை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மாற்றவில்லை. செப்டம்பரில் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பையின் இறுதியில் தென் கொரியாவை 4-1 என வென்று, உலகக் கோப்பைக்கும் நேரடியாகத் தகுதி பெற்றார்கள்.

இந்திய அணி அடிக்கடி கோச்சை மாற்றியதால் பாதிக்கப்பட்டதா?

பாதிக்கப்பட்டது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். 2013 ஜூலையிலிருந்து 2019 ஜனவரி வரை ஐந்தரை ஆண்டு. மைக்கேல் நாப்ஸ், டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலன்ட் ஓல்ட்மன்ஸ், ஷோர்ட் மரைன், ஹரேந்திர சிங் என்று ஆறு பேர் ஆண்கள் அணியின் பொறுப்பிலிருந்து இறங்கினார்கள். லண்டன் ஒலிம்பிக்கில் 12-வது இடம் என்ற கணக்கு நாப்ஸுக்கு இருந்தது. ஆனால் வால்ஷ்? 2014 இன்சியானில் 16 ஆண்டு கழித்து ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர், இரண்டே மாதத்துக்குள், நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் விலகினார். வான் ஆஸ் ஓராண்டுகூட இல்லை.

இதற்கு முன்பும் நடந்ததுதான். 1998-ல் பாங்காக்கில் 32 ஆண்டு இடைவெளிக்குப் பின் ஆசிய விளையாட்டுத் தங்கம் வந்தது. அதற்குப் பிறகு கோச் எம்.கே.கௌஷிக்கும், கேப்டன் தன்ராஜ் பிள்ளை உள்ளிட்ட சில ஆட்டக்காரர்களும் நீக்கப்பட்டார்கள். வென்றாலும் நீக்கம், தோற்றாலும் நீக்கம் என்றால் கோச் எதற்காகப் பயப்பட வேண்டும், எதற்காக உழைக்க வேண்டும்?

2019-ல் வந்த கிரஹாம் ரீடுக்கு ஏறக்குறைய நாலு ஆண்டு கிடைத்தது. டோக்கியோவில் 41 ஆண்டு காத்திருந்த ஒலிம்பிக் பதக்கம் வந்தது. ஜெர்மனியை 5-4 என வென்ற அந்தக் காலைப் பொழுதை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

ராஜினாமா செய்தால் பொறுப்பேற்றதாக ஆகிவிடுமா?

பாதிதான். அதே ரீட், 2023 ஜனவரியில் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் தோற்றதும் விலகினார். 2-0, 3-1 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம் 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் போனது. அவர் விலகியது கௌரவமான செயல். ஆனால் தோல்விக்குப் பின் எழுந்த முக்கியமான கேள்வி, ஆட்டக்காரர்களின் மனத்தைத் திடப்படுத்த ஒரு நிபுணர் அணியோடு ஏன் இல்லை என்பது. அது ரீடோடு விலகிப் போகிற கேள்வி இல்லை. அதே ஆண்டில் ஃபுல்டன் காலத்தில் அப்படிப்பட்ட நிபுணரான பேடி அப்டனை அணியோடு சேர்த்தார்கள். 2024 பாரிஸில் மறுபடியும் வெண்கலம். அந்த ஏற்பாட்டை உலகக் கோப்பைக்கு முன்பே செய்திருக்க வேண்டியது சங்கம்.

2008-ஐ மறக்க முடியுமா? சாண்டியாகோ தகுதிச்சுற்றில் பிரிட்டனிடம் 0-2. 1928-லிருந்து ஆடிவந்த இந்திய அணி முதன்முறையாக ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. கோச் ஜோக்கிம் கார்வாலோ பதவி விலகினார். இந்திய ஹாக்கி சம்மேளனத்தின் தலைமை உடனே நகரவில்லை. அடுத்த மாதம், ஆட்டக்காரர் தேர்வில் லஞ்சப் புகார் வெடித்த பிறகு, இந்திய ஒலிம்பிக் சங்கமே அந்தச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. கோச் போன வேகத்தில் மற்றவர்களும் போயிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

அணியைத் தேர்வுக்குழு எடுக்கிறது. கோச்சுக்கு என்ன பொறுப்பு?

அவருக்குத் தேர்வில் எவ்வளவு குரல் உண்டோ அவ்வளவு. கூட்டத்தில் கோச் கேட்ட பெயர்கள் எவை, கிடைத்தவை எவை என்று குறிப்பு இருக்க வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால் தோற்ற பிறகு இரு தரப்பும் "நான் கேட்டது அது இல்லை" என்று சொல்லும். இரண்டில் எது உண்மை என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

எத்தனை தோல்விக்குப் பின் கோச்சை நீக்கலாம்?

எண்ணிக்கை சொல்ல மாட்டேன். பொறுப்பேற்கும் நாளன்றே இரு தரப்பும் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. எந்தத் தொடரில் எந்த நிலைக்கு வர வேண்டும், எப்போது பரிசீலனை, அதற்குச் சங்கம் என்னென்ன தரும் என்று. அந்தத் தாளில் சங்கத்தின் கடமைகளும் இருக்க வேண்டும். இத்தனை நாள் முகாம், இத்தனை வெளிநாட்டு ஆட்டங்கள், இன்னின்ன உதவியாளர்கள். பரிசீலனை நாளில் அந்த ஒரே தாளை வைத்து இரு பக்கத்தையும் கேட்கலாம். தாளே இல்லாமல், தோற்ற இரவில் கோபத்தோடு எடுக்கும் முடிவுக்குப் பொறுப்பேற்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. ஆட்டக்காரர்கள் கோச்சின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டால் தாள் உதவாது. பயிற்சியில் கோச் விசிலடித்ததும் ஓடி வந்து சூழ்ந்து நிற்கிற அணிக்கும், தண்ணீர் பாட்டிலை எடுத்தபடி மெல்ல நடந்து வருகிற அணிக்கும் உள்ள வித்தியாசம் பெஞ்சில் இருக்கும் யாருக்கும் தெரியும். அந்த நிலை வந்துவிட்டால் நல்ல கோச்சானாலும் பிரிவதுதான் இருவருக்கும் நல்லது.

வெற்றி பெறுகிற அணியின் கோச்சைக் கேள்வி கேட்க வேண்டியதில்லையா?

கேட்டே ஆக வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2010-ல் என்.எச்.எல். அணியான சிகாகோ பிளாக்ஹாக்ஸ் ஸ்டான்லி கோப்பையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அணியின் வீடியோ கோச் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக ஓர் இளம் ஆட்டக்காரர் சொன்னார். விஷயம் மேலிடத்துக்குப் போனது. கோப்பைக்கான ஆட்டங்கள் முடியும்வரை நடவடிக்கை எடுக்காமல் வைத்திருந்தார்கள். உண்மை விசாரணை அறிக்கையாக வெளிவந்தது 2021-ல். ஜெனரல் மேனேஜர் ஸ்டான் போமன் விலகினார். அப்போது வேறு அணிக்குப் போயிருந்த கோச் ஜோயல் குவென்வில்லும் விலகினார். கிளப்புக்கு 20 லட்சம் டாலர் அபராதம். பதினோரு ஆண்டு அந்த ஆட்டக்காரர் தனியாகச் சுமந்தார். அவர்கள் கோப்பை வென்றுகொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

ரசிகர்கள் என்ன கேட்கலாம்?

கோச்சின் பெயரைச் சொல்லித் திட்டுவதற்குப் பதிலாகச் சங்கத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். கோச்சோடு ஒப்புக்கொண்ட இலக்கு என்ன? தோற்ற தொடரைப் பற்றிக் கோச்சும் மேனேஜரும் கொடுத்த அறிக்கை எங்கே? கோச்சை நியமித்தவர்கள் தங்களைப் பற்றி எழுதிய அறிக்கை எங்கே? முதல் இரண்டுக்கும் ஏதோ ஒரு பதில் வரும். மூன்றாவதற்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.